கூனிமேட்டு சவுண்ட் பாக்ஸ்

அருள்,

நீ சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டுப் போன தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன். பாதிக் கடிதம் வரைக்கும் உன்னை எதிர்பார்க்க வைத்துவிட்டுப் பிறகு இல்லை என்று சொல்வது எனக்குப் பிடிக்காது, அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ கோபித்துக்கொண்டு போன பிறகு இங்கே என்ன நடந்தது, நான் எங்கே போனேன், அந்த கிராமபோனில் இப்போது எது இருக்கிறது, எது இல்லை என்பதையெல்லாம் போனில் சொன்னால் நடுவிலேயே கட் செய்துவிடுவாய். எழுதினால் கோபம் தணிந்த பிறகாவது எடுத்துப் படிப்பாய். பத்தாவதோடு நின்றவள் எழுதுவது, தப்பிருந்தால் பொறுத்துக்கொள். நீ மட்டும் படித்து மடித்து வைக்கவும் வேண்டாம், உன்னோடு சேர்ந்து கடை தொடங்கப்போகிற நண்பர்களிடமும் காட்டு. உன் அம்மாவுக்குப் பெருமை தருவது இதில் குறைவுதான். ஆனாலும் காட்டு.

உப்பளத்து வேலையை விட்டு நான் புதுச்சேரிக்கு வேலைக்குப் போனது உனக்குத் தெரியும். எப்படிப் போனேன் என்று நீ கேட்டதில்லை. மழை பிடித்துவிட்டால் பாத்திகளில் தண்ணீர் நிற்கும், தை பிறக்கும்வரை நமக்கு அங்கே வேலை கிடையாது. ஒரு வருடம் மழை முன்னாலேயே வந்துவிட்டது. பழைய பொருள் விற்கிற கடை ஒன்றில் பித்தளை துலக்க ஆள் கேட்கிறார்கள் என்று பக்கத்துத் தெருப் பெண் சொன்னாள். மழை விடும்வரைக்கும் என்றுதான் பஸ் ஏறினேன், பதினேழு வருடம் ஓடிவிட்டது. முதலில் குத்துவிளக்கும் கதவுக் குமிழும்தான் கொடுத்தார்கள். ஒரு நாள் முதலாளி ஒரு கிராமபோனைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தார். மரப்பெட்டி, அதன்மேல் ரெக்கார்டு சுற்றும் தட்டு, பின்னாலிருந்து எழுந்து பூப்போல விரிந்த பெரிய பித்தளை ஹாரன்.

"இத கழட்டித் தொடச்சி, இருந்த மாதிரியே மாட்டணும். முடியுமாம்மா?" என்றார்.

"கழட்டறப்பவே வரிசையா வெச்சிக்கிட்டா மாட்டிடலாங்க" என்றேன்.

அந்த வரிசைதான் என் படிப்பு. பழைய வேட்டியைத் தரையில் விரித்து, கழற்றிய ஒவ்வொன்றையும் இடமிருந்து வலமாக அடுக்கினேன். சாவி, தட்டு, ஹாரன், ஹாரனைத் தாங்கும் வளைந்த குழாய், அதிலிருந்து ரெக்கார்டுமேல் நீளும் கை, கையின் நுனியில் சவுண்ட் பாக்ஸ். டீ குடிக்கிற சாஸரைவிடச் சின்ன வட்டம் அது. உள்ளே மைக்கா என்கிற மெல்லிய அபிரகத் தகடு ஒன்று இரண்டு ரப்பர் வளையங்களுக்கு நடுவே நிற்கும். ஊசி ரெக்கார்டில் உரசும்போது அந்தத் தகடுதான் அதிர்ந்து பாடுகிறது. ஹாரன் அதைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஹாரனைத்தான் பார்ப்பார்கள். குரல் இருப்பதோ அந்தச் சின்ன வட்டத்தில்.

புதிதாகச் செய்ததைப் பழசு என்று தலையில் கட்டினால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று நீ என்னிடம் பல தடவை கேட்டிருக்கிறாய். திருகாணியில் தொடங்கு என்பேன். பழைய திருகாணியின் தலையில் ஒரே கோடுதான் இருக்கும், கூட்டல் குறி போட்டிருந்தால் அது நேற்று மாட்டியது. பெட்டியைக் கவிழ்த்து, அடியிலிருக்கும் எண்ணும் மோட்டார் தகட்டில் அடித்த எண்ணும் ஒன்றா என்று பார். மரத்தில் மெழுகு வைத்து அடைத்த துளை இருந்தால் வேறு எதையோ அங்கே மாட்டியிருந்தார்கள் என்று அர்த்தம். பெட்டிக்குள் மூக்கை வைத்து மோந்து பார், பழைய கிரீஸ் நாற வேண்டும். வார்னிஷ் மணந்தால் கிளம்பி வந்துவிடு. கடைசியாக, ஹாரனில் பச்சைக் களிம்பு எங்கே இருக்கிறது என்று பார் என்று சொன்னேன். வயதான ஹாரனில் கை படுகிற விளிம்பு தேய்ந்து வெளுத்திருக்கும், கழுத்துக்குள்ளே கறுத்த தூசிதான் படிந்திருக்கும். கழுத்துக்குள்ளும் பச்சை பூத்திருந்தால் அது யாரோ வேண்டுமென்றே பூக்க வைத்தது. "இதெல்லாம் எப்படிம்மா தெரியும்?" என்று நீ கேட்டாய். "பழக்கம்தான்" என்றேன். அது பொய். பூக்க வைத்தவளே நான்தான்.

வடக்கேயிருந்து லாரியில் புது ஹாரன்கள் கட்டுக்கட்டாக வரும், கல்யாண வீட்டுச் சொம்பு மாதிரி பளபளப்பாக. முதலாளி அவற்றின்மேல் ஆசிட் ஊற்றிப் பார்த்தார், திட்டுத் திட்டாகக் கறுத்து அசிங்கமானது. நானாகத்தான் வாயைத் திறந்தேன். உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீர் பித்தளையை என்ன பாடு படுத்தும் என்று சின்ன வயதிலிருந்தே பார்த்தவள் நான். ஒரு ஹாரனைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் மரக்காணம் கொண்டுவந்தேன். "என்னம்மா, கோயில் ஸ்பீக்கரா?" என்று கண்டக்டர் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். உப்பளத்து வாய்க்கால் ஓரத்தில் அந்தத் தண்ணீரைச் சேற்றோடு குழைத்துப் பூசி, ஈரச்சாக்கால் மூடி, இருபது நாள் விட்டு வைத்தேன். பிறகு பாதியைப் புளி போட்டுத் துலக்கி, மடிப்புகளில் மட்டும் பச்சையை மிச்சம் வைத்தேன். முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடையே இனிமே உன் கையிலதாம்மா இருக்குது" என்றார். அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்தேன், கால் வலியே தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷம். நான் செய்தது ஏமாற்று வேலை என்று அப்போது எனக்குத் தெரியாது என்று எழுதினால் இந்தக் கடிதமும் அந்த ஹாரன் மாதிரிதான். தெரியும். தெரிந்துதான் சந்தோஷப்பட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கூனிமேட்டிலிருந்து ஜமீலா அக்கா வந்தார். இன்றைக்குப் பதினான்கு வருடம் முன்பு. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அவருடைய அப்பா, அத்தா என்பார், சைகோனில் துணிக்கடை வைத்திருந்து, கப்பலில் ஊர் திரும்பும்போது கொண்டுவந்த கிராமபோன். ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"ஸ்பிரிங்கு கட்டாயிடுச்சும்மா. அதை மட்டும் பாருங்க. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்றார் என்னிடம். "இந்த சவுண்ட் பாக்ஸ் உள்ளார ஒரு பக்கம் ரப்பர் போயிடுச்சுன்னு, சைக்கிள் வால்வு ட்யூப வெட்டி அத்தாவே போட்டாரு. நான் சின்னப் பொண்ணு. கத்திரிக்கோல எடுத்துக் குடுத்தது நான்தான்."

அவர் ஆட்டோ ஏறிப் போனதும் முதலாளி ஹாரனைச் சுண்டிப் பார்த்தார். சவுண்ட் பாக்ஸைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "நம்ம ஷோரூம் மெஷின் ஹாரனும் சவுண்ட் பாக்ஸும் இல்லாம எத்தினி மாசமா மொட்டையா கெடக்குது. இத எடுத்து அதுல போட்டுடு. இதுக்கு உன் ஹாரன் ஒண்ணு, புது சவுண்ட் பாக்ஸ் ஒண்ணு மாட்டிடு."

"அந்தம்மா கேட்டாங்கன்னா?"

"பாட்டு வந்தா போதும் அவங்களுக்கு."

மாட்டினேன். ஜமீலா அக்காவின் ஹாரன் கழுத்து கொஞ்சம் சிறிது, ஷோரூம் மெஷினின் குழாயில் லூசாக ஆடியது. பால் பவுடர் டப்பாவிலிருந்து தகரப் பட்டை ஒன்று வெட்டிச் சுற்றி இறுக்கினேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

பத்து நாள் கழித்து அவர் வந்தார். புது ஸ்பிரிங்கில் தட்டு நன்றாகச் சுற்றியது, பாட்டும் வந்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பாதியில் மெஷின் கையைத் தூக்கி நிறுத்திவிட்டு, முதலாளியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நீதான கழட்டினே? இது அத்தாவோட பெட்டியில வர்ற சத்தம் மாதிரி இல்லியே. அந்த சவுண்ட் பாக்ஸத் தொறந்து காட்டேன்."

"தொறந்தா தகடு ஒடைஞ்சிடுங்க" என்றார் முதலாளி.

அக்கா என்னைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் சொன்னேன்: "அதேதாங்கா. ரொம்ப நாள் ஓடாம கெடந்ததில்ல, தொடச்சதும் சத்தம் வேற மாதிரி இருக்கும். உங்க காதுக்குத்தான் பழகல."

"அப்டியா" என்று மட்டும் சொன்னார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வேலை போய்விடும் என்ற பயத்தில் அப்படிச் சொன்னேன் என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் பாதிதான் உண்மை. நான் செய்த வேலையை ஒருத்தர் காதாலேயே கண்டுபிடித்துவிட்டார் என்ற எரிச்சல் மீதிப் பாதி. கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவளுக்கு அது தாங்கவில்லை. நீயும் கெட்டிக்காரன்தான் அருள், எல்லோரும் சொல்கிறார்கள். அதனால்தான் இதை உனக்கு விவரமாகச் சொல்கிறேன். பொய் சொல்லும் நேரத்தில் உனக்குப் பயமாக இருந்தால் பரவாயில்லை, பயம் பிறகு உறுத்தும். கோபமாக இருந்தால் ஜாக்கிரதை. அந்தப் பொய் நியாயம் மாதிரியே தெரியும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். முதலாளி கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போகும்போது அந்த ஷோரூம் மெஷினை உனக்கே விலைக்குக் கொடுத்துவிட்டார் என்று நீ கொண்டுவந்து கூடத்தில் இறக்கியபோது என் கண் நேராக அந்த ஹாரனுக்குத்தான் போனது. நீ என் முகத்தைக் கவனிக்கவில்லை. சென்னையில் பழைய கிராமபோன் சேர்க்கிற டாக்டர் ஒருவர் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார், எல்லாப் பாகமும் இந்த மெஷினோடு பிறந்தவைதான் என்று அதைப் பராமரித்த ஆள் எழுதிக் கொடுத்தால் போதும் என்கிறார் என்றாய். "நீ ஒரு கையெழுத்துப் போட்டா போதும்மா. கடைக்கு மொத வியாபாரமே இதான்" என்றாய்.

நான் வேட்டியை விரித்தேன். உன் கண் முன்னால்தான் கழற்றினேன். பெட்டி அடியில் இருந்த எண்ணையும் மோட்டார் எண்ணையும் காட்டினேன், இரண்டும் ஒன்று. ரெக்கார்டுமேல் நீளும் கையைக் கழற்றி, அதன் அடியில் வெயில் படாத மரம் அதே வடிவத்தில் கருமையாக இருந்ததைக் காட்டினேன், அதுவும் அந்த மெஷினுடையதுதான். உன் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. பிறகு ஹாரனை உருவினேன். தகரப் பட்டை கீழே விழுந்தது.

"இது என்னம்மா?"

"நான் வெட்டிச் சுத்தனது. இந்த ஹாரன் இதோடது இல்ல."

"ஆனா பழசுதானே? டூப்ளிகேட் இல்லியே?"

"பழசுதான். சவுண்ட் பாக்ஸும் பழசுதான். பழசுன்றது வேற, இதோடதுன்றது வேறப்பா."

நீ சிரித்தாய். நான் சவுண்ட் பாக்ஸின் மூன்று திருகாணிகளையும் கழற்றி, அபிரகத் தகட்டை நகத்தால் மெல்லத் தூக்கினேன். ஒரு பக்கம் வெளுத்துப்போன பழைய ரப்பர். மறுபக்கம் கறுப்பு வால்வு ட்யூப், கல்லாகிப்போய், கத்தரித்த இடம் கோணலாகச் சேர்ந்து நின்றது. ஜமீலா அக்காவின் கதையை அப்போதுதான் உனக்கு முதன்முதலாகச் சொன்னேன்.

கேட்டு முடித்ததும் நீ என்ன சொன்னாய் என்று எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. "பதினாலு வருஷம் ஆச்சும்மா. முதலாளி பண்ணதுக்கு நான் ஏன் அனுபவிக்கணும்? இந்த ரப்பரு யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்பா."

"உனக்கு மட்டும்தான் தெரியும்" என்றாய். "வெள்ளிக்கிழமை வர்றேன். மாட்டி, கையெழுத்துப் போட்டு வை." சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாய்.

நீ கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. நீ எதையும் திருடவில்லை, உன் உழைப்பில் வாங்கினாய். அப்படியிருக்க, உன்னைக் கேட்காமல் உன் பொருளிலிருந்து இரண்டு பாகத்தை நான் கழற்றி எடுத்துக்கொண்டு போனேன். இதற்கு நீ என்மேல் கோபப்படலாம், உனக்கு உரிமை இருக்கிறது. கேட்டால் நீ தடுத்திருப்பாய், தடுத்தால் நான் தயங்கியிருப்பேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. கட்டைவிரல் இப்போதே காலையில் மடங்க மாட்டேன் என்கிறது. இன்னும் கொஞ்ச நாள் போனால் இந்தத் திருகாணிகளை என்னால் கழற்ற முடியாமல் போகும். தயங்க நேரமில்லை என்று தோன்றியது.

திங்கட்கிழமை காலையில் மரக்காணம் சைக்கிள் கடையில் வால்வு ட்யூப் வாங்கினேன். அபிரகத் தகட்டைப் புது ரப்பரில் உட்காரவைத்து, பழைய வளையங்கள் இரண்டையும் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டேன். ஹாரனை என் பழைய புடவையில் சுற்றினேன். உன் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கும் இது புதுசு. "வண்டில காத்து இருக்குதான்னு பாக்கறேன்" என்று எழுந்து போனார். டிவிஎஸ்ஸில் பின்னால் நான், என் மடியில் ஹாரன். அனுமந்தை தாண்டும்வரை கடல்காற்று அதற்குள் புகுந்து ஊதிக்கொண்டே வந்தது. அவர் ஒரு தடவை திரும்பி, "அந்தம்மா கண்டபடி கேட்டா என்னா பண்ணுவே?" என்றார். "கேட்டுக்குவேன்" என்றேன்.

கூனிமேட்டில் பெயரைச் சொன்னதும் வீட்டைக் காட்டினார்கள். ஜமீலா அக்கா அண்ணன் காதர் பாயோடு இருக்கிறார். முடி நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. நான் நின்றபடியே புடவையைப் பிரித்தேன். ஹாரனைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"கடையில இருந்தவதான நீ?"

"ஆமாங்கா. இது உங்க அத்தாவோடது. அன்னைக்கு மாத்திட்டோம். கழட்டினது நான், மாட்டினது நான், அதேதான்னு உங்ககிட்ட பொய் சொன்னதும் நான்." காகிதத்தைப் பிரித்து வளையங்களைக் காட்டினேன். அவர் கறுப்பு வளையத்தைக் கையில் எடுத்து, அந்தக் கோணல் வெட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினார். "அத்தா மவுத்தானப்புறம் அவரு ஞாபகமா எனக்கு இருந்தது அந்தச் சத்தம் ஒண்ணுதாம்மா. நீ என் காதுக்குப் பழகலன்னு சொல்லிட்டே. வீட்டுக்கு வந்து எத்தினியோ வாட்டி போட்டுப் பாத்தேன். அண்ணன்கிட்ட சொன்னா, ஒனக்கு மூளை கொழம்பிப் போச்சுன்னு சிரிக்கறாரு. சரி, அத்தா பெட்டி சத்தம் எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சு போலன்னு நெனச்சிக்கிட்டேன். பெட்டிய மூடி வெச்சவதான். இத்தினி வருஷமா நான் எதைச் சொன்னாலும் எனக்கே ஒரு சந்தேகம். நெஜமா, இல்ல நானா நெனச்சிக்கறேனா?"

அருள், ஒரு ஹாரனையும் ஒரு சவுண்ட் பாக்ஸையும் எடுத்தோம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் தன் காதின்மேல் வைத்திருந்த நம்பிக்கையை எடுத்திருக்கிறேன். முதலாளி எடுத்தது பித்தளையைத்தான். இதை எடுத்தவள் நான். முதலாளி பண்ணினது என்று நீ சொன்னாயே, அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

"மன்னிச்சிடுங்கக்கா" என்றேன்.

"எங்கிட்ட சொல்றது இருக்கட்டும். உள்ள வா. எங்க அண்ணன் முன்னாடி சொல்லு."

காதர் பாய் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய மருமகளும் சமையலறை வாசலில் வந்து நின்றாள். வாசலில் ஒருத்தரிடம் சொல்வது வேறு, நடுவீட்டில் எல்லோருக்கும் கேட்கிறபடி சொல்வது வேறு. ஆனாலும் முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். "உங்க தங்கச்சி காது சரியாத்தான் கேட்டுச்சுங்க பாய். பொய் சொன்னது நான்" என்று முடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தங்கையைப் பார்த்தார். "நான் சிரிச்சிருக்கக்கூடாது, ஜமீலா" என்றார்.

பெட்டியை பீரோவின் மேலிருந்து இறக்கினார்கள். நான் மாட்டியிருந்த ஹாரன் கழுத்துக்குள்ளிருந்து பச்சை உதிர்ந்துகொண்டிருந்தது. அதைக் கழற்றிக் கீழே வைத்தேன். அவர்களுடைய ஹாரன் தகரப் பட்டை எதுவும் இல்லாமல், ஒரே அழுத்தத்தில் அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. சவுண்ட் பாக்ஸை மாட்டி, புது ஊசி போட்டு, சாவி கொடுத்தேன். புது ரப்பர் இன்னும் பழகவில்லை, முதலில் கொஞ்சம் இரைந்தது. ஒரு திருகாணியை அரைச் சுற்று தளர்த்தினேன். பிறகு குரல் வந்தது. ஜமீலா அக்கா நின்றுகொண்டே கேட்டார். பாதிப் பாட்டில் மெஷின் கையைத் தூக்கி வைத்தார். "இதான்" என்றார். உன் அப்பாவிடம் திரும்பி, "அண்ணே, டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார். என்னைப் பார்த்து அதைச் சொல்லவில்லை. டீ இரண்டு டம்ளர்தான் வந்தது, உன் அப்பாவுக்கும் காதர் பாய்க்கும். அது சரிதான். நான் மன்னிப்பு வாங்கிக்கொண்டு வரப் போகவில்லை, பொருளைக் கொடுத்துவிட்டு வரத்தான் போனேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு வேலை செய்தேன். நீ எழுதி வைத்த தாளின் பின்பக்கத்தில் வேறு ஒன்று எழுதினேன். பெட்டி, மோட்டார், தட்டு, கை, வளைந்த குழாய் ஆகியவை இந்த மெஷினோடு பிறந்தவை, ஹாரனும் சவுண்ட் பாக்ஸும் இதில் இல்லை, முன்பு இருந்தவை வேறு மெஷினுக்கு உரியவை, உரியவரிடம் திருப்பித் தரப்பட்டன. அதன்கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதே காலத்து ஹாரன் ஒன்று கிடைத்தால் நானே மாட்டித் தருகிறேன், ஆனால் பிறகு சேர்த்தது என்று எழுதித்தான் நீ விற்க வேண்டும். இன்னொன்று, தாளில் இருந்த எண்ணுக்கு நானே போன் செய்து அந்த டாக்டரிடம் பேசிவிட்டேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏம்மா, உங்க பையனோட வியாபாரத்த நீங்களே கெடுக்கறீங்களே?" என்றார்.

"அவன் தெரியாம வாங்கிட்டாங்க சார். தெரிஞ்சி விக்க வேணாம்னு பாக்கறேன்."

ஹாரன் இல்லாத மெஷின் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆகவே அந்த வியாபாரம் போய்விட்டது, அருள். போய்விடவில்லை என்று உன்னைச் சமாதானப்படுத்த மாட்டேன். உன் முதல் விற்பனை என்னால் நின்றது. ஆனால் அவர் போனை வைக்கவில்லை. "எங்க வீட்ல நாலு மெஷின் இருக்குதும்மா. மூணு புதுச்சேரில வாங்கினது. எல்லாம் ஒரிஜினல்னு சர்டிபிகேட்டோடதான் வாங்கினேன். நீங்க வந்து பாத்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

எந்தக் கடை என்று கேட்டேன். நான் நினைத்த கடைதான்.

"வர்றேன் சார். ஆனா நான் சொல்றது உங்களுக்குப் பிடிக்காமப் போகலாம்" என்றேன். வரச் சொல்லியிருக்கிறார். அந்த மூன்றில் என் கை பட்டது எத்தனை என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். பட்டிருந்தால் பட்டது என்று அவர் முன்னால் சொல்வேன். அதற்குப் பிறகு அவர் என்ன செய்தாலும் சரி. வேறு யார் வீட்டில் என் வேலை இருக்கிறது என்று தெரியவந்தால் அங்கேயும் போவேன். உன் கடைக்கு நான் கொடுக்கக்கூடியது இது ஒன்றுதான்: இந்தப் பெண் சொன்னால் உள்ளதை உள்ளபடி சொல்லுவாள் என்று நாலு பேர் நம்புவது. அது வர நாளாகும். எனக்கு அவ்வளவு நாள் இருக்கிறதா என்று தெரியாது, ஆனாலும் அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை ஆறரை மணி பஸ்ஸில் தொடங்குகிறேன்.

பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பதால், ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு வைக்கும்படி டாக்டர் வீட்டு அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் வருவதாக இருந்தால் முன்னாலேயே சொல், இரண்டாகப் போடச் சொல்கிறேன்.

அம்மா